முன்னே ரெண்டடி, பின்னே ரெண்டடி

பழைய காரின் கியர்பாக்ஸிலிருந்து கழற்றிய கிளட்ச் பிளேட்டுகள் தகரத் தட்டில் கிடக்கின்றன. அடிபிடித்த பால்போல ஒரு கருகல் வாடை பட்டறை முழுக்க நிற்கிறது. மெக்கானிக் ஒரு பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார். விரல் பட்ட இடமெல்லாம் கரி உதிர்கிறது. "ஆட்டோமேட்டிக் வண்டி சார். முன்னுக்கும் பின்னுக்கும் ஓயாம மாத்திப் போட்டாத்தான் இப்படிக் கருகும். சேத்துல மாட்டிக்கிட்டீங்களா?" காரைக் கொண்டுவந்தவர் பிளேட்டையே பார்க்கிறார். "இல்லீங்க. சீக்குல வலி கூடிட்டா எம்பொண்ணு படுக்கையில தூங்கமாட்டா. பின் சீட்ல படுக்கவச்சு, வாசல்லயே முன்னே ரெண்டடி, பின்னே ரெண்டடின்னு ஆட்டிக்கிட்டே இருப்பேன்." மெக்கானிக் சிரித்துவிடுகிறார். "வண்டியத் தொட்டிலாக்கிட்டீங்களே சார்! புது பிளேட்டு போட்டாச்சு. இனிமே அப்படி ஆட்டாதீங்க." "இனிமே தேவைப்படாதுங்க." சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. துடைத்த கையையே மெக்கானிக் துணியில் மறுபடி மறுபடி துடைக்கிறார். பிறகு ஏறி, சோதித்துப் பார்க்க வண்டியை முன்னே கொஞ்சம் நகர்த்துகிறார், பின்னே கொஞ்சம். உலுக்கல் இல்லை, முனகல் இல்லை. சொன்னபடி கேட்கிறது வண்டி. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயில் காலியான பின் சீட்டில் ஏறுகிறது, இறங்குகிறது. காரைக் கொண்டுவந்தவர் பின் கண்ணாடியில் கைவைத்து வண்டியோடு கூடவே முன்னே நடக்கிறார், பின்னே நடக்கிறார். மெக்கானிக் இறங்கி, வழக்கம்போல் கதவை அறைந்து சாத்தக் கையை ஓங்குகிறார். வெளியே நிற்கும் அப்பாவின் விரல் தானாக உதட்டுக்குப் போகிறது. மெக்கானிக் காலியான சீட்டை ஒருமுறை பார்க்கிறார். கதவை மெல்ல அமுக்கிச் சாத்துகிறார்.