திரும்பி வருவதற்கு ஒரு காரணம்

“கிரீஸ்ல ஏதாவது ஒரு சின்னத் தீவு போதும். பத்து நாள் யாரும் கூப்பிடாம தூங்கணும்” என்றாள் மனைவி.

டிராவல்ஸ்காரர் சிரித்தார். “விசா கிடைக்கணுமேம்மா! நீங்க கண்டிப்பா திரும்பி வருவீங்கன்னு தூதரகம் நம்பணும். ஆளுக்கொரு கடிதம் குடுங்க.”

கணவன் பேனாவை அவளிடம் நீட்டினான். “அம்மாவைப் பத்தி எழுது. அதைவிடப் பெரிய காரணம் வேணுமா?”

எழுதினாள். அம்மா படுத்த படுக்கையாகி ஆறு வருடம். ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் இவள்தான். நர்ஸ் வைத்திருப்பது பத்தே நாளைக்கு.

அவன் ஆபீஸ் லீவு கடிதத்தை மட்டும் கொடுத்தான்.

மூன்றாவது வாரம் அவனுக்கு விசா வந்தது. அவளுக்கு வரவில்லை.

“இப்படி ஒரு நோயாளியை விட்டுட்டு யாராவது ஓய்வெடுக்கப் போவாங்கன்னு நம்ப முடியலையாம்” என்றார் டிராவல்ஸ்காரர்.

“அடடா! டிக்கெட் வேற வீணாப் போகுமே. நான் மட்டுமாவது போயிட்டு வந்துடறேன்” என்றான் கணவன், பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி.

டிராவல்ஸ்காரருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “இப்படி ஒரு பொண்ணைப் பெத்ததுக்கு உங்கம்மா குடுத்து வச்சிருக்கணும்மா.”

“அவங்க என்னைப் பெத்தவங்க இல்லீங்க” என்றாள் அவள். “இவரைப் பெத்தவங்க.”