மிஸ் என்றால்

"யாருடா அந்த மிஸ்? வெள்ளைக்காரியா?" என்று கேட்டாள் தர்மாம்பாள், வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே.

"அதாம்மா எனக்கும் புரியலை. கதையில கல்யாணமாகாத பொண்ணே கிடையாது. கேள்வியில மட்டும் ஒரு மிஸ் வரா" என்றான் பத்ரி.

"என்னைக் கேட்டா? உன் வாத்தியாரம்மாவைக் கேளு."

வாத்தியாரம்மா என்பது அவன் மனைவி நீரஜா. கூடத்துச் சுவரோரம் புத்தகமும் கையுமாகப் பத்ரி. நடுவில் அவன் அம்மா. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நீரஜா. புதிதாக வந்த மருமகள் பகலில் கணவனோடு முகம் பார்த்துப் பேசுவது அந்த மயிலாப்பூர் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் பத்ரி இன்டர்மீடியட்டில் இங்கிலீஷில் மட்டும் தவறிவிட்டான். கதை ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, அதில்தான் கோட்டை விட்டான். நீரஜா கான்வென்டில் படித்தவள். வீட்டில் வாத்தியாரை வைத்துக்கொண்டு வெளியே எதற்குத் தேடவேண்டும் என்று தர்மாம்பாள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். பரீட்சை முடிகிறவரை ராத்திரியில் பத்ரிக்கு வாசல் அறையில் அப்பாவோடு படுக்கை.

இந்தத் தடவை தேறினால் கல்கத்தாவில் சித்தப்பாவின் ஆபீசில் வேலை. அவன் முதலில் போவான். வீடு பார்த்து அவளை அழைத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆகுமோ! அவன் தேறவேண்டும் என்று நீரஜா தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்வாள். தேறிவிட்டால் இந்தக் கதவோரப் பேச்சும் இல்லை என்று நினைக்கும்போது வேண்டுதல் பாதியில் நின்றுவிடும்.

"கதையை இன்னொரு தரம் வாசிங்கோ" என்றாள்.

பத்ரி இங்கிலீஷில் வாசித்தான். இன்று தடுமாற்றமே இல்லை. அம்மாவுக்காக நடுநடுவே தமிழிலும் சொன்னான். கடலுக்குள் ஒரு பாறை. அதன்மேல் கலங்கரை விளக்கம். விளக்கைக் காக்கிறவனின் மனைவி எதிர்க்கரையில் இருக்கிறாள். அவள் துணி உலர்த்துவது அவன் கண்ணுக்குத் தெரியும். கூப்பிட்டால் கேட்காது. அலை ஓயாததால் படகும் போகாது.

"ஐயோ பாவம்! அப்புறம் என்னடா ஆச்சு அவனுக்கு?"

"அவ்வளவுதாம்மா கதை. கேள்விதான் பாக்கி. 'ஹூம் டிட் ஹி மிஸ்?' அந்த மிஸ் யாரு?"

நீரஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "ஏன்னா, அது பொண்ணு இல்லை. ஒருத்தர் கிட்டக்க இல்லைன்னு இன்னொருத்தர் மனசு..."

மேலே வார்த்தை வரவில்லை. ஏக்கம் என்றால் அதிகமாகத் தோன்றியது. ஞாபகம் என்றால் போதவில்லை.

"எனக்கு மண்டையில ஏறலை. உதாரணம் ஒண்ணு சொல்லு" என்றான் பத்ரி.

நீரஜா கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"ஐ மிஸ் யூ" என்றாள் மெதுவாக.



"ஐ மிஸ் யூ" என்றான் பத்ரி.

"முணுமுணுக்காதேடா. வாய்விட்டு நாலு தரம் சொல்லு. அப்போதான் பரீட்சையில மறக்காது" என்று அதட்டினாள் தர்மாம்பாள்.

"ஐ மிஸ் யூ. ஐ மிஸ் யூ. ஐ மிஸ் யூ..."

வாய்ப்பாடு போலவே ஒப்பித்தான்.

"ஏண்டி, சரியாச் சொல்றானா?"

"சரிதாம்மா" என்றாள் நீரஜா. எவ்வளவு துணிந்து சொன்ன வார்த்தை! அவனுக்கு அது ஒரு மார்க். இதே வேகத்தில் படித்தால் நிச்சயம் தேறிவிடுவான். அதன்பிறகு இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லி ஒரு வேலை ஏவுவதற்குத்தான் ஆள் இருக்கும்.

பத்ரி புத்தகத்தைத் தரையிலேயே போட்டுவிட்டு, லஸ் பக்கம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான்.

"சரஸ்வதி காலில மிதிபடப் போறா. அதை எடுத்து அலமாரியில வைடி" என்றாள் தர்மாம்பாள், ஆய்ந்த பூவோடு எழுந்துகொண்டே.

நீரஜா கூடத்துக்கு வந்து குனிந்து எடுத்தாள். நாளைக்கு என்ன கதை வரப்போகிறது என்று பார்ப்பதற்காகப் பிரித்தாள்.

அது ஜியாமெட்ரி புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முக்கோணங்களும் வட்டங்களும்தான், கதை என்று ஒரு வரிகூட இல்லை.