பெட்டிக்குச் சொன்ன பிறகு

"மலர், நீ ஓமெண்டு ஒரு சொல் சொன்னால் காணும். மத்தியானத்துக்குள்ள சிறிலை வீட்ட கொண்டு போயிடலாம்."

மெல்ரோய் தங்கையின் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் புருஷன் சிறில் அசையாமல் கிடந்தான். இமை ஆடவில்லை, விரல் ஆடவில்லை. வாயில் செருகிய குழாய் வழியாக மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நேற்று சிறிலும் கூடப் போனவர்களும் நிலாவெளிக் கடலில் வலையில் பட்ட பேத்தை மீனைக் கரையில் வைத்துச் சமைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சதையோடு நிறுத்திக்கொண்டார்கள். சிறில் மட்டும் யார் சொல்லியும் கேளாமல் நஞ்சுள்ள சினையையும் தின்று வைத்தான். சற்று நேரத்தில் நாக்கு மரத்தது, பிறகு கைகால் விழுந்தது.

பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டொக்டர். பிழைப்பானா என்று கேட்டால் மட்டும் பிடிகொடுக்கிறார் இல்லை. மெல்ரோய்க்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஆஸ்பத்திரியில் உயிர் போனால் பிரேதப் பரிசோதனை என்று உடம்பை வெட்டுவார்கள், அதற்கு முதல் வீட்டுக்குக் கொண்டுபோய், பாதரைக் கூப்பிட்டு, சொந்தக் கட்டிலில் கண்ணை மூட விடவேண்டும் என்பது அவன் கட்சி. உறவினர் பாதிப் பேருக்கும் அதே கட்சிதான்.

"சவப்பெட்டிக்கும் சொல்லிப் போட்டன்," என்றான். "அவன்ர படகை என்ன செய்யிறதெண்டு பிறகு யோசிப்பம்."

"அண்ணா, உதுகளை வெளியில போய்க் கதையுங்கோ. இவருக்குக் கேக்கும்."

மெல்ரோய்க்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து இதே பாட்டு. பூனை குட்டி போட்டிருக்கு, முருங்கை பூத்திருக்கு என்று சிறிலின் காதோடு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குத் தலையில் ஏதோ பிசகிவிட்டது என்றே அவன் நினைத்தான்.

அருள்மலர் கைப்பையைத் திறந்து, அந்தோனியார் படத்தோடு சேர்த்து வைத்திருந்த பத்திரிகைப் படம் ஒன்றை எடுத்தாள். கண்ணாடி போட்ட ஒரு பெண், பேராசிரியர் சுதர்ஷிகா. பேத்தை நஞ்சை ஆராய்ந்தவர். சல்லி, நிலாவெளி என்ற கரையோர ஊர்களில் சுடுமணலில் வீடு வீடாக ஏறியிறங்கி, இந்த மீனைத் தின்று பிழைத்தவர்களைத் தேடித் தேடிக் கதைத்தவர். உடம்பு கட்டையாகக் கிடந்தாலும் புத்தி தெளிவாக இருக்கும், காது கேட்கும், மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு தானாக இறங்கக்கூடும் என்று எழுதியவர். அருள்மலரின் மனதில் அந்த முகத்துக்கு அந்தோனியாருக்கு அடுத்த இடம். சில நாட்களில் முதல் இடமும்.

ஆனாலும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் ஓம் என்றால் குழாயைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் மூச்சு நிற்கும். அது நிற்பதையும் சிறில் தெளிவாக அறிந்துகொண்டே கிடப்பான்.

மெல்ரோய் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போட்டான்.

"படிச்ச மனிசி ஆயிரம் எழுதும். அசையாமக் கிடக்கிறவனுக்குக் காது கேக்குதெண்டு அவவுக்கு ஆர் சொன்னது?"

"நான்."

மெல்ரோய் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"பத்து வயசில எனக்குச் சன்னி வந்ததெண்டுதானே எல்லாரும் நினைச்சனீங்கள்? அது சன்னி இல்லை, அண்ணா. அம்மா எறிய வச்ச பேத்தைச் சினையைக் களவாய்ச் சுட்டுத் திண்டனான். மூச்சு மட்டும் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க ஏலாது, கத்த ஏலாது. கனகாலம் கழிச்சு இந்த மனிசி வீட்டுக்கு வந்து கேக்கேக்கதான் அது மீன் நஞ்செண்டு எனக்கே விளங்கினது. நீங்கள் தாங்கமாட்டியளெண்டுதான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை."

"எதை நான் தாங்கமாட்டன்?"

"என்ர தலைமாட்டில நிண்டு, பிள்ளை சின்னன், சின்னப் பெட்டி காணுமெண்டு நீங்கள் சொன்னதும் எனக்குக் கேட்டது."

மெல்ரோய் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிறிலின் காதோடு குனிந்தான்.

"மச்சான், பெட்டி வேண்டாமெண்டு இப்பவே சொல்லிவிடுறன்."