மீனில் சர்க்கரை

"அண்ணி செய்யற மீன் உருண்டை இருக்கே, அதை வாயில வெக்க முடியாது. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பாங்க. மீனைத் திங்கறோமா மிட்டாய் திங்கறோமான்னே தெரியாது."

துக்க வீட்டில் வந்து உட்கார்ந்து இப்படிப் பேசினான் இசிதோரோ. அதுவும் போய்ச்சேர்ந்த பெய்லாவின் புருஷன் நாவூம் எதிரிலேயே.

புவெனோஸ் ஐரஸில் எங்கள் தெருக்காரர்களுக்கு இசிதோரோவைத் தெரியும். அவனுடைய பட்டன் கடைக்குள் நுழைந்தால் பட்டன் கிடைக்கிறதோ இல்லையோ, ஊர் வம்பு முழுக்கக் கிடைக்கும். ஆனால் எங்கள் யூத வீடுகளில் துக்கத்துக்கென்று ஒரு முறை உண்டு. துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை, வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவை கைமாறி உறிஞ்சப்படும் சத்தம் மட்டும்தான் கேட்டது. சிக்கல் என்னவென்றால், நாவூம் அண்ணன் பேசவே இல்லை. துக்க முறைப்படி வீட்டுக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிட்டு, கிழித்த சட்டையோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்தவர், அடக்கம் முடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைவிடப் பெரிய கவலை, அவர் காதிஷ் சொல்லாததுதான். இறந்தவருக்காக எழுந்து நின்று சொல்லும் ஜெபம் அது. சாவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது, முழுக்க முழுக்க ஆண்டவனின் புகழ். எங்கள் ஜெபக்கூடத்தில் வருஷக்கணக்காக முன்னால் நின்று பாடிய மனுஷன், கல்லறையில் அதைச் சொல்லாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். பிள்ளை குட்டியும் இல்லை. இவர் சொல்லாவிட்டால் பெய்லாவுக்கு யார் சொல்வது?

இந்த நிலைமையில்தான் மீன் பேச்சு.

"யோவ், சும்மா இருய்யா," என்று இசிதோரோவின் தொடையைக் கிள்ளினேன்.

காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தான். "மீனாவது பரவாயில்லை. அந்தத் தேன் கேக்? அதை வெச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம்."

இரும்புக்கடை போரிஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். இவனைத் தூக்கி வெளியே போடப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

"மிளகு."

குரல் முக்காலியிலிருந்து வந்தது. போரிஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"மிளகுடா. எங்க வீட்டு மீனுக்கு மிளகுதான். சர்க்கரை போட்டுக் கெடுத்தது உங்கம்மா, போலந்துக்காரி. என் பெய்லா மீன்ல ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டது கிடையாது."

"அப்படியா? எனக்கு என்னமோ இனிச்சுது," என்றான் இசிதோரோ.

"வெள்ளிக்கிழமை தவறாம வந்து மூணு உருண்டை முழுங்கினியே, அப்ப நாக்கு எங்கடா போச்சு?"

நாவூம் எழுந்தே விட்டார். இசிதோரோவை முறைத்துக்கொண்டிருந்த பார்வை மெல்ல மேலே கூரைக்குப் போனது.

"நீ மட்டும் என்ன? உனக்காக இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பாடினேன். அவளை அந்த வலியில துடிக்க விட்டுட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தே. வாயைத் திறந்தா உன்னைத் திட்டிடுவேனோன்னு பயந்து பல்லைக் கடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதுல உன் புகழை வேற நான் பாடணுமா?"

சொல்லிவிட்டு அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்களோடு உட்கார்ந்திருந்த ரபி, எங்கள் ஜெபக்கூடத்துக் குரு, சின்ன வயசுக்காரர். என்ன சொல்வாரோ என்று எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"கையை எடுங்கண்ணே," என்றார் ரபி. "ஆபிரகாம் அவர்கிட்ட வழக்காடினார். யோபு போடாத சண்டையா? அதையெல்லாம் வேதத்துலயே எழுதி வெச்சுப் படிச்சுக்கிட்டு இருக்கோம். உங்க திட்டைக் கேட்டா அவருக்குக் காது புளிச்சிடும்?"

நாவூம் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சண்டை போடக்கூட எனக்கு அந்த ஆண்டவனை விட்டா யாரு இருக்கா? இருந்தவளும் போயிட்டா." கையை நீட்டினார். "புத்தகத்தைக் குடுங்க."

சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. நாங்கள் காத்திருந்தோம். அவரே விட்ட இடத்தில் பிடித்து முடித்தார். அந்த அறையில் அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனாலும் இசிதோரோ மேல் இருந்த எரிச்சல் தீரவில்லை. படி இறங்கும்போது ஆளாளுக்கு அவனை முறைத்தார்கள். போரிஸ் வேண்டுமென்றே தோளில் இடித்துவிட்டுப் போனார். நான் அவனை வாசலில் மடக்கினேன்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா? ஏதோ நல்லபடியா முடிஞ்சுது. செத்தவங்க சமையலைப் பத்திப் பேசற பேச்சா இது?"

அவன் கண் சிவந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில அண்ணிதான் கூப்பிட்டுச் சொன்னாங்க. 'நான் போனதும் அவர் பயந்துபோய் வாயைப் பூட்டிக்குவாரு இசிதோரோ. யார் என்ன நினைச்சாலும் பரவாயில்லை, அவர் எதிர்ல உட்கார்ந்து என் மீன்ல சர்க்கரைன்னு சொல்லு. பூட்டு தன்னால திறந்துக்கும்'னாங்க."

இசிதோரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, ஒருமுறை வானத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"அவங்க சொன்னது மீனை மட்டும்தான். அந்தக் கேக்கு நானாச் சேர்த்தது. அதுக்கு என்ன பண்ணப் போறாங்களோன்னுதான் பயமா இருக்கு."