கப்பல் காசு

"அப்பா மறுபடியும் பார்லருக்குப் போயிருக்கார்"னு வந்து சொன்னா என் பொண்டாட்டி.

"போகட்டுமே."

"எதுக்குப் போறார்னு கேக்குறேன். தலையில என்ன இருக்கு வெட்டுறதுக்கு?"

நியாயமான கேள்விதான். மாமாவுக்குக் காதோரம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் பஞ்சு. மத்ததெல்லாம் மைதானம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். தேஞ்சுபோன சோப்பைப் புது சோப்புல ஒட்டிக் குளிக்கிறவர். அந்த மனுஷன், நாங்க நாலு பேரும் சுற்றுலாக் கப்பல் ஏறின நாள்லேருந்து மத்தியானம் ஆனா பார்லர்ல நிக்கிறார்.

எல்லாம் கப்பல் காசு பண்ணுற வேலை. முன்கூட்டியே டிக்கெட் போட்டதுக்காக ரூமுக்கு இவ்வளவுன்னு கிரெடிட் குடுத்திருந்தாங்க. அதை வச்சுக் காபி குடிக்கலாம், போட்டோ வாங்கலாம், மசாஜ் பண்ணிக்கலாம். பணமா மட்டும் திருப்பித் தரமாட்டாங்க. கப்பலை விட்டு இறங்கினா அம்போ.

எங்க ரூம் காசை நாங்க ரெண்டு பேரும் வந்த வேகத்துலயே தின்னு தீர்த்துட்டோம். மாமா அத்தை ரூம் காசுக்கு மட்டும் என் பொண்டாட்டி ஒரு திட்டம் வச்சிருந்தா. அதுல அத்தைக்கு முடி வெட்டிவிடணும்.

அத்தைக்கு இடுப்பு வரைக்கும் முடி. பக்கவாதம் வந்ததுலேருந்து வலது கை தோளுக்கு மேல ஏறாது. தினமும் ஆபீஸ் போற வழியில இவதான் போய்ப் பின்னிவிடுவா. இப்ப இவளுக்கு வேற ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர், பெரிய பதவியோட. அம்மாவை நினைச்சு வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தா. மாமாதான் பிடிச்சுத் தள்ளாத குறையா சம்மதிக்க வச்சார்.

"நான் போனப்புறம் யாரும்மா பின்னுவா? குட்டையா வெட்டிட்டா நீயே இடது கையால சீவிக்கலாம்."

"சரிடி"ன்னாங்க அத்தை. சொல்லிட்டு, பின்னலை எடுத்து மடியில போட்டுக்கிட்டாங்க.

ஆனா வெட்டுற நாள் தள்ளிக்கிட்டே போச்சு.

"இன்னைக்குக் காத்து ஜாஸ்தியா இருக்குடி."

"நடுக்கடல்ல காத்து இல்லாம என்னம்மா இருக்கும்?"

"கடைசி நாள் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

இந்தப் பேச்சு எதுலயும் மாமா கலந்துக்கல. சாப்பிட்டதும் சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்பிடுவார். திரும்பி வரும்போது கமகமன்னு வருவார்.

"என்ன மாமா, மாப்பிள்ளை நான், கல்யாணக்களை உங்களுக்கு வந்திருக்கே"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"கரை ஏறினா செல்லாத காசு மாப்பிள்ளை. செலவு பண்ணிட வேண்டியதுதான்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டார்.

கடைசி நாளும் வந்துச்சு. அத்தையைக் கூட்டிக்கிட்டுப் பார்லருக்குப் போனோம். மாமாவும் கூடவே வந்தார்.

பார்லர் அம்மா ரூம் கார்டை வாங்கிப் பாத்தாங்க. "இதுல மிச்சம் எதுவும் இல்லீங்களே. சார் எல்லாத்தையும் இங்கேயே செலவு பண்ணிட்டார்."

என் பொண்டாட்டி மெதுவா அப்பா பக்கம் திரும்பினா.

"அம்மா ஒரு தடவை முடி வெட்டிக்கக்கூட மிச்சம் வைக்கலியாப்பா? இல்லாத முடிக்கு இத்தனை அலங்காரமா?"

மாமா கண்ணாடியைப் பாத்துக்கிட்டு நின்னார்.

"விடுடி"ன்னாங்க அத்தை. "இத்தனை வருஷத்துல தனக்குன்னு என்ன பண்ணிக்கிட்டார் அந்த மனுஷன்? ஆசைப்பட்டார், பண்ணிக்கிட்டார். முடியை ஊருக்குப் போய் வெட்டிக்கிட்டா ஆச்சு."

பார்லர் அம்மா எங்களை மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"சார் தலையை நான் தொட்டதே இல்லீங்களே."

சொல்லிட்டு, குனிஞ்சு மேஜைக்கு அடியிலேருந்து ஒரு பொம்மைத் தலையை எடுத்து வச்சாங்க. தொழில் கத்துக்க வர்றவங்க பழகுறது. நீளமான முடி, வகிடெடுத்துப் பின்னியிருந்துச்சு.

"அதை ஏம்மா இப்ப எடுக்குறீங்க?"ன்னு முனகினார் மாமா.

"இதை வச்சுச் சொல்லிக் குடுங்கன்னுதான் தினம் வந்தார். முதல் நாள் இவர் இழுத்த இழுப்புல தலை ஸ்டாண்டை விட்டுக் கையோட வந்துடுச்சு. கேட்டா, லிஃப்ட் கயிறு இழுத்த கைன்னார். இப்ப தேவலை. பின்னல் கோணாம வருது."

அத்தை அந்தப் பொம்மைத் தலையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மாமாவைப் பாத்தாங்க.

என் பொண்டாட்டிக்குக் குரல் இறங்கிடுச்சு. "என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனேப்பா."

"நல்லா இருக்கே. நான் பின்னுற அழகை நீ பாத்திருந்தா, ட்ரான்ஸ்ஃபரே வேண்டாம்னு உக்காந்திருப்பே."

மாமா நாற்காலியைத் திருப்பி அத்தையை உக்கார வச்சார். பின்னால போய் நின்னு, பின்னலை ஒவ்வொரு பிரியா அவிழ்த்தார். சீப்பை எடுத்தவர், தலையில வைக்காம ஒரு நிமிஷம் அப்படியே நின்னார்.

"இது பொம்மை இல்ல. வலிச்சா சொல்லு."