ஒதிலியாவுக்குத் திறந்த கதவு

"இன்னொரு தடவை மணி அடிச்சேன்னா, கொதிக்கிற தண்ணிய மேலேயிருந்து அப்படியே கவுத்துடுவேன், சொல்லிட்டேன்!"

மாடி ஜன்னலில் ஒரு கிழவரின் தலை தெரிந்தது. கூடவே ஆவி பறக்கும் பாத்திரமும் தெரிந்ததால் ஒதிலியா பின்வாங்கினாள்.

"ஐயா, நான் சுகாதார நிலையத்து நர்ஸ். ரத்த அழுத்தம் பார்க்கத்தான்..."

"அவளும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றா! தோளைப் பாரு, மல்யுத்தக்காரி மாதிரி. போலீஸ் ஒட்டின படத்துல இருக்கறது சாட்சாத் நீயேதான்!"

ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது.

கிழவரைச் சொல்லியும் குற்றமில்லை. கொஞ்ச காலமாக மெக்சிகோ நகரத்தில் ஒருத்தி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நர்ஸ் என்று சொல்லி வயதானவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, கழுத்தை நெரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். பத்திரிகைகள் அவளுக்குக் 'கிழவர்கொல்லி' என்று பெயர் சூட்டியிருந்தன. பேட்டை சுகாதார நிலையம் ரொம்ப யோசித்தது. வயதானவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக, வீட்டுக்கு வீடு வெள்ளைக் கோட்டு நர்ஸ்களை அனுப்பிவைத்தது.

ஒதிலியா ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. போலீஸ் படத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவள் சொன்னதை அந்தத் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் நாய் இல்லை, மருமகனை அவிழ்த்துவிட்டார்கள்.

காலையில் மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னிக்கும் ஒருத்தருக்குக்கூட அழுத்தம் பார்க்காம திரும்பினே, நாளைக்கு வேலைக்கு வராதே. உன்னைப் பார்த்துத்தான் ஊர்ல பாதிப் பேருக்கு அழுத்தமே ஏறுது."

வேலை போனால் மறுபடியும் அண்ணி வீட்டுச் சமையலறையில்தான் படுக்கை. அதற்குக் கொதிக்கிற தண்ணீரே தேவலை.

தெருவின் கடைசி வீடு. ஒதிலியா மணியைத் தொடுவதற்குள் கதவு திறந்தது.

"வா மகளே, வா! வெள்ளைக் கோட்டைத் தூரத்துலயே பார்த்துட்டேன். ஏன் இவ்வளவு தாமதம்?"

கறுப்பு உடுப்பில், குள்ளமாக ஒரு கிழவி. பெயர் தொமித்திலா என்றாள். ஒதிலியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"எனக்கென்ன பயம்? நீ வர்றதை யாராவது பார்த்தாங்களா?"

"எங்கே பார்த்தாங்க? எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு." கிழவி கதவைத் தாழிட்டாள். "எங்கே, கையைக் காட்டு."

ஒதிலியா காட்டினாள். கிழவி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்து, "உரமான கை" என்று தலையாட்டினாள்.

கூடத்தில் கல்லறைத் திருநாளுக்கான படையல் மேடை தயாராக இருந்தது. இறந்து போனவர்களுக்கென்று வைக்கும் சாமந்தி, மெழுகுவத்தி, ஒரு குப்பி தெக்கீலாச் சாராயம். நடுவே பெரிய மீசைக்காரர் ஒருவரின் படம்.

"வீட்டுக்காரராம்மா?"

"அனஸ்தாசியோ. அம்பது வருஷக் குடித்தனம்." கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஒரு நாளாவது 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டிருப்பாரா? ம்ஹும்."

"எப்போ தவறினாரு?"

"இந்த வருஷம்தான்னு வச்சுக்கயேன்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. கல்லு மாதிரி உடம்பு. எத்தனையோ டாக்டருங்க பார்த்தாச்சு. என்ன பிரயோசனம்?" கிழவி பெருமூச்சு விட்டாள். "அதை விடு. முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட வேலை பார்க்கக் கூடாது."

மிளகாயும் சாக்லெட்டும் அரைத்துவிட்ட கோழிக் குழம்பும், சூடான சோள ரொட்டியும் வந்தன. ஒதிலியா காலையிலிருந்து பட்டினி. பாதித் தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தாள். கிழவி எதிரில் நின்றபடி அவளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாப்பிடலையா?"

"இதெல்லாம் உனக்குன்னே செஞ்சது. நீ சாப்பிடு, சாப்பிடு."

ஒதிலியாவின் தாடை மெல்ல நின்றது. கதவு தாழிட்டிருக்கிறது. உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரர்கள் வரைந்தது தப்பாக இருந்தால்? கிழவர்கொல்லியே ஒரு கிழவியாக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

ஆனாலும் அண்ணி வீட்டுச் சமையலறை கண்ணில் வந்து நின்றது. ஒரே ஒரு ஆளுக்குப் பார்த்துவிட்டால் போதும், ஓடிவிடலாம். பையைத் திறந்து கருவியை எடுத்தாள்.

"சட்டுனு முடிச்சுடலாம்மா. இப்படி உட்கார்ந்து கையை நீட்டுங்க."

"எனக்கா!" கிழவி துள்ளிப் பின்வாங்கிய வேகத்தில் ரொட்டிக் கூடை கவிழ்ந்தது. "எனக்கு வேண்டாம் தாயே! எனக்கு வேண்டவே வேண்டாம்!"

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஓர் இருமலும், அதன் பின்னாலேயே ஓர் அதட்டலும் வந்தன.

"தொமித்திலா! என் காபி எங்கேடி?"

ஒதிலியா படத்தில் இருந்த மீசையைப் பார்த்தாள். உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "அம்மா... உள்ளே யாரு?"

கிழவி அதற்குள் சால்வையைத் தலையில் போட்டு, ஜெபமாலையைக் கையில் எடுத்திருந்தாள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்தான் மகளே, அனஸ்தாசியோ. காது மந்தம், நீ உள்ளே போறது தெரியாது. உனக்காகத்தான் எத்தனை நாளா வழி மேல விழி வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். நான் கோயிலுக்குப் போய் மூணு பூசையும் பார்த்துட்டு நிதானமா வர்றேன். ரத்தம் சிந்தாத வேலைன்னுதான் பேப்பர்ல போட்டிருந்தான். எதுக்கும் பார்த்துச் செய், படுக்கை விரிப்பு இன்னிக்குத்தான் துவைச்சது."