தளையவிழ்ந்த நாடு

"இது நாடா, குதிரையா?"

உல்கான் தேர்வுத்தாள்களைக் கட்டோடு மேசைமேல் போட்டாள். ஊர் கூடியிருந்த பள்ளி மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

உல்கான் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவள். புருல்சாவுக்கு முதல்நிலை ஆசிரியைத் தகுதி கிடைப்பதும் கிடைக்காததும் அவள் கையெழுத்தில் இருந்தது.

"முப்பத்தோரு பிள்ளைங்க. ஒண்ணு விடாம 'தளையவிழ்ந்த நாடு'ன்னு எழுதி வச்சிருக்கு. காப்பியடிச்சுதுங்களா?"

"என் பிள்ளைங்க காப்பியடிக்காது," என்றாள் புருல்சா.

அவள் அப்போதுதான் தன் கல்விக் கொள்கையை எழுந்து நின்று வாசித்து முடித்திருந்தாள். ஒரே பக்கம். பேசுகிற குழந்தையைப் பாதியில் நிறுத்தித் திருத்த மாட்டேன், முதலில் பயம் போகட்டும், இலக்கணம் பின்னால் வரட்டும். இருபத்திரண்டு வருடம் கிர்கிஸ் மொழி சொல்லிக்கொடுத்ததன் சாரம் அவ்வளவுதான்.

அதில் அவளுக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவள் வகுப்பில் திக்குவாய்ப் பிள்ளைகூட எழுந்து, "நீங்க சொல்றது தப்புக்கா," என்று சண்டைக்கு வரும். ஆசிரியையை அக்கா என்று கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

பிள்ளைகள் காப்பியடிக்கவில்லை என்பது உண்மை. அந்தச் சொல்லை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

சுதந்திரத்துக்குக் கிர்கிஸ் மொழியில் நல்ல சொல் இருக்கிறது. எர்கின். ஆனால் புருல்சாவின் மாமனார் பெயரும் எர்கின். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

அடுத்த வீட்டுக்காரியின் மாமனார் பெயர் தெமிர், அதாவது இரும்பு. அவள் இரும்பு வாளியை இன்றுவரை 'கெட்டி வாளி' என்றுதான் சொல்கிறாள். நல்லவேளை, கொல்லன் வீட்டில் வாழ்க்கைப்படவில்லை.

புருல்சா மாட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய சொல்லில். சுதந்திரம் வருகிற இடத்திலெல்லாம் குதிரைக்குக் கால்தளை அவிழ்த்துவிட்டதுபோல ஏதோ சொல்லிச் சமாளித்து வந்தாள். பிள்ளைகள் அதையே உயர்ந்த இலக்கிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டன.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பட்டணத்துக்காரி உல்கானுக்கு யாரோ காதில் ஓதினார்கள். அதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்களுக்குப் பயம் போகணும்னு எழுதியிருக்கீங்க. உங்க பயத்தை முப்பத்தோரு பேருக்கும் பாடமா நடத்தியிருக்கீங்களேக்கா."

புருல்சாவுக்குச் சுருக்கென்றது. அது பயமில்லை, மரியாதை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கையிலிருந்த பக்கம் அவளையே பார்த்தது.

"குழந்தை உங்க வகுப்புல எப்படி இருக்கணும்? ஒரே சொல். அதைச் சொல்லிட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

முதல் வரிசையில், ஊர்ப் பெரியவர்களுக்கு நடுவில், வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. ஊர் வழக்கு எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் தீர்ப்பு வரும்.

"சொல்லித் தொலையேன், வானமா இடிஞ்சு விழப்போகுது?" என்று பின்னாலிருந்து பூகோள ஆசிரியை கிசுகிசுத்தாள். அவளுக்கென்ன, அவள் மாமனார் எங்கோ தாஷ்கெண்டில் இருக்கிறார்.

சொல்லாவிட்டால் தகுதி போகும். அது போனால்கூடப் பரவாயில்லை, இருபத்திரண்டு வருடமாக அவள் நம்பியது வெறும் காகிதம் என்றாகிவிடும். சொன்னால், இத்தனை பேர் நடுவில் அந்த மனிதரை அவமானப்படுத்தியவளாகி, இன்று மாலையே அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

கெஞ்சுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தாளை மடித்து வைத்தாள். வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"எர்கின்."

பெண்கள் பக்கத்தில் யாரோ, "போச்சு!" என்றார்கள். ஒருத்தி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். உல்கானின் பேனா எழுதாமல் நின்றது.

முதல் வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கோபித்துக்கொண்டு வெளியே போகப்போகிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவர் போகவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து விறைப்பாக நின்று, முகமெல்லாம் பெருமையாக மருமகளை நேருக்கு நேர் பார்த்தார்.

"உள்ளேன் அக்கா!"